‘வட்டு கெட்டுவிட்டது’: சோதிக்காமல் எழுதப்படும் தீர்ப்பு

‘வட்டு கெட்டுவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது.’ பல்கலைக்கழகங்களின் மொழியியல், மானிடவியல், நாட்டார் வழக்காற்றியல் துறைகளில் பழைய கணினிப் பொருள்கள் கழிவுக்குப் போகும் நாளில் இந்த வாக்கியம் தவறாமல் ஒலிக்கிறது. இலக்கணம் கற்றவர்களாவது இதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வாக்கியத்தின் எழுவாய் வட்டு. அதைச் சோதித்தவர் யார் என்பது இல்லை. எந்த டிரைவில், எந்தக் கணினியில், எந்த இயங்குதளத்தில் சோதிக்கப்பட்டது என்பதும் இல்லை. போதாக்குறைக்கு ‘விடு’ என்னும் துணைவினை வந்து ஒட்டிக்கொண்டு, செயல் முற்றுப்பெற்றது, மீட்சி இல்லை என்ற பொருளையும் சேர்த்துவிடுகிறது. உண்மையில் நடந்தது வேறு: ஒரு குறிப்பிட்ட கணினியால் ஒரு குறிப்பிட்ட நாளில் அந்த வட்டைப் படிக்க இயலவில்லை. அது கணினியைப் பற்றிய ஒரு தகவல். அதை வட்டைப் பற்றிய தீர்ப்பாக மாற்றி, இருப்புப் பதிவேட்டில் ‘பயனற்றது’ என்று எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் ஆய்வு நேர்மைக்கு எதிரானது.

எந்த வட்டுகள் இவை? 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் களப்பணி செய்தவர்கள் விட்டுச்சென்ற மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகள், ஜிப் வட்டுகள், ஜாஸ் வட்டுகள், சூப்பர்டிஸ்க் என்ற 120 எம்.பி. வட்டுகள், ஒளிகாந்த வட்டுகள். அக்காலத்தில் ஒலியைக் கணினியில் வைத்து ஆராய முயன்றவர்களுக்கு ஃப்ளாப்பி போதவில்லை. கணக்கு எளிது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒற்றைத் தடமாகப் பதிந்த பேச்சு ஒரு நிமிடத்துக்கு ஐந்து எம்.பி.க்கு மேல் இடம் கேட்கும். 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில் பதினாறு நொடிப் பேச்சுதான் அடங்கும். 100 எம்.பி. ஜிப் வட்டில் ஏறத்தாழ 19 நிமிடம். மாதிரி வீதத்தைப் பாதியாக்கினால் 38 நிமிடம். ஒரு கதைசொல்லியின் ஒரு கதை, ஒரு சொற்பட்டியலின் மூன்று உச்சரிப்புகள், ஒரு தாலாட்டு: இவை ஒரு வட்டில் அடங்கின. 1990களின் நடுவில் ஐயோமேகா நிறுவனம் ஜிப் டிரைவைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஆய்வாளர்கள் அதை வாங்கியதற்குக் காரணம் இதுதான்.

இப்போது துறைகளில் வழக்கமாக நடப்பதைப் பார்க்கலாம். பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அல்லது தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. அலமாரி திறக்கப்படுகிறது. வட்டுகள் கிடைக்கின்றன. யாரோ ஒருவர் ஆய்வகத்தின் மூலையிலிருந்து டிரைவைத் தேடி எடுத்து, அலுவலகத்தின் விண்டோஸ் மடிக்கணினியில் செருகுகிறார். டிரைவ் விளக்கு எரிகிறது, மோட்டார் சுழல்கிறது. பிறகு திரையில் ஒரு செய்தி: இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா? அறையில் இருப்பவர்கள் தலையை ஆட்டிக்கொள்கிறார்கள். சோதனை முடிந்தது. மொத்தம் இரண்டு நிமிடம்.

அந்தச் செய்தி உண்மையில் என்ன சொல்கிறது? ‘எனக்குத் தெரிந்த கோப்பு முறைமை எதுவும் இந்த வட்டில் தென்படவில்லை’ என்பதை மட்டுமே சொல்கிறது. வட்டின் காந்தப் பரப்பு சிதைந்திருக்கிறது என்று அது சொல்லவில்லை. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் கிரந்தக் கல்வெட்டின் முன் நின்று ‘இதில் ஒன்றும் எழுதப்படவில்லை, வழித்துவிட்டுப் புதிதாக எழுதட்டுமா’ என்று கேட்பதற்கு ஒப்பானது அது. கல்வெட்டியலாளர் யாரும் அதற்குத் தலையாட்ட மாட்டார். கணினி கேட்டால் மட்டும் ஏன் தலை ஆடுகிறது?

ஒரு குறிப்பிட்ட வகை வட்டை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் முழுமையாக விளங்கும். 1997இல் மேக்கின்டோஷ் கணினியில் ஃபார்மட் செய்யப்பட்ட ஜிப் வட்டு ஒன்று. மொழியியலாளர்களிடையே அக்காலத்தில் மேக்கின்டோஷ் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஒலியன் குறியீடுகளுக்கான எழுத்துருக்கள் அதில் ஒழுங்காக வேலை செய்தன என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த ஆண்டில் மேக்கின்டோஷ் பயன்படுத்திய கோப்பு முறைமை, 1985இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எச்.எஃப்.எஸ். அதன் விரிவாக்கமான எச்.எஃப்.எஸ். பிளஸ் 1998இல்தான் வந்தது. இந்த வட்டை விண்டோஸ் 11இல் செருகினால் ஃபார்மட் கேள்வி வரும். விண்டோஸுக்கு எச்.எஃப்.எஸ். ஒருபோதும் தெரியாது. சரி, இது மேக் வட்டுதானே, மேக்கிலேயே பார்ப்போம் என்று அறிவுள்ள ஒருவர் இன்றைய ஆப்பிள் கணினிக்குக் கொண்டுபோகிறார். அங்கும் ‘இந்தக் கணினியால் படிக்க இயலாத வட்டு’ என்ற செய்திதான் வரும். 2019இல் வெளிவந்த கேட்டலினா பதிப்போடு பழைய எச்.எஃப்.எஸ்.ஸைப் படிக்கும் வசதியை ஆப்பிளே நீக்கிவிட்டது. எழுதும் வசதி அதற்குப் பத்தாண்டு முன்பே போயிற்று. இப்போது இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள். வட்டின் பிறந்தகமே கைவிரித்த பிறகு யார் சந்தேகிப்பார்கள்? பதிவேட்டில் கையொப்பம் விழுகிறது.

அதே டிரைவை, அதே வட்டோடு, டெபியன் போன்ற ஒரு லினக்ஸ் கணினியில் இணைத்தால் கதை மாறலாம். எச்.எஃப்.எஸ்.ஸைப் படிக்கும் பகுதி அங்கு இன்னும் இருக்கிறது. காந்தப் பரப்பு நலமாக இருந்தால் கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். ஒரே வட்டு, ஒரே டிரைவ், மூன்று இயங்குதளங்கள், இரண்டு விதமான முடிவுகள். முதல் இரண்டு இயங்குதளங்கள் தம் நினைவிலிருந்து எதை அகற்றின, எதை ஒருபோதும் கற்கவில்லை என்பதைத்தான் சொல்லின. வட்டைப் பற்றிப் பேசியது மூன்றாவது மட்டுமே.

இங்கே ‘டிரைவர் இல்லை’ என்ற இன்னொரு சொற்றொடரையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாதனத்தை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருளே இயக்கி. தோல்வி எதுவாயினும் பழியை அதன் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. வட்டுக்கும் திரையில் தோன்றும் எழுத்துக்கும் இடையே குறைந்தது ஆறு படிகள் உண்டு: காந்தப் பரப்பு, டிரைவின் படிப்பு முனை, இணைப்பு வடம், இயக்கி, கோப்பு முறைமை, எழுத்துக் குறியாக்கம். எந்தப் படியில் தடை என்று கண்டறிவதற்குப் பெயர்தான் சோதனை. ஆறில் எது தடுத்தாலும் ‘திறக்கவில்லை’ என்று ஒரே சொல்லால் குறிப்பது, காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுதுவதாகும்.

யூ.எஸ்.பி. வழியே இணையும் ஜிப் டிரைவுக்குத் தனி இயக்கி பெரும்பாலும் தேவையில்லை. பென்டிரைவுகள் பின்பற்றும் அதே பொதுச் சேமிப்பக நெறியைத்தான் அதுவும் பின்பற்றுகிறது. இன்றைய இயங்குதளங்களோடு வரும் இயக்கியே போதும். அங்கே ‘டிரைவர் இல்லை’ என்பது தவறான நோயறிதல். பேரலல் போர்ட் வழியே இணையும் பழைய ஜிப் டிரைவின் நிலை வேறு. இன்றைய 64 பிட் விண்டோஸில் அதற்கு இயக்கி இல்லை என்பது உண்மை. ஆனால் லினக்ஸில் அவ்வகை டிரைவுகளுக்கென்றே இரண்டு இயக்கிகள் எழுதப்பட்டன, ஒன்று முந்தைய மாதிரிக்கு, மற்றொன்று பிந்தைய மாதிரிக்கு. ஒன்றை ஏற்றிப் பார்த்துத் தோற்றவர் மற்றொன்றையும் ஏற்றிப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. கடைகளில் கிடைக்கும் யூ.எஸ்.பி.–பேரலல் வடத்தை வாங்கி அதில் ஜிப் டிரைவை இணைப்பார்கள். அந்த வடம் அச்சுப்பொறிக்காக மட்டும் செய்யப்பட்டது. அதன் வழியே எந்த இயங்குதளத்திலும் டிரைவ் தென்படாது. குற்றம் வடத்தினுடையது, தண்டனை வட்டுக்கு.

ஃப்ளாப்பியிலும் இதே கதை. இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் யூ.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ்கள் 1.44 எம்.பி., 720 கே.பி. வடிவங்களைப் படிக்கவே செய்யப்பட்டவை. பழைய மேக்கின்டோஷின் 800 கே.பி. ஃப்ளாப்பிகள், தடத்துக்குத் தடம் சுழல்வேகத்தை மாற்றிப் பதியப்பட்டவை. யூ.எஸ்.பி. டிரைவ் அவற்றை ஒருநாளும் படிக்காது. ஆயிரம் முறை செருகினாலும் அது சொல்லும் பதில் வட்டைப் பற்றியது ஆகாது. கிரீஸ்வீசல், கிரையோஃபிளக்ஸ் போன்ற கருவிகள் வேறு வழியில் செல்கின்றன. பழைய மேசைக்கணினியில் இருந்த சாதாரண ஃப்ளாப்பி டிரைவைக் கொண்டே, காந்த மாற்றங்களை மூலநிலையில் பதிவுசெய்து, பிறகு மென்பொருளால் பொருள்கொள்கின்றன. யூ.எஸ்.பி. டிரைவ் கைவிட்ட 800 கே.பி. வட்டுகளை அவ்வழியில் மீட்க முடியும்.

எதிர்வாதங்கள் சில உண்டு. அவற்றில் நியாயமானவையும் இருக்கின்றன.

முதலாவது, ஜிப் டிரைவ்களே நம்பத்தகாதவை என்பது. ‘கிளிக் ஆஃப் டெத்’ என்று பேர்பெற்ற அந்தக் கோளாறு கட்டுக்கதை அல்ல. 1998இல் அமெரிக்காவில் இதற்காகத் தயாரிப்பாளர் மீது குழு வழக்கே தொடரப்பட்டது. தடத்தைக் கண்டுபிடிக்க முடியாத படிப்பு முனை மீண்டும் மீண்டும் பின்வாங்கி முன்வரும் ஓசைதான் அந்தக் கிளிக். முனை பழுதான டிரைவ் நல்ல வட்டின் விளிம்பைக் கிழிக்கலாம். விளிம்பு கிழிந்த வட்டு அடுத்த நல்ல டிரைவின் முனையைப் பழுதாக்கலாம். தொற்றுநோய்க்கு நிகரான இந்த ஆபத்தைக் காரணம் காட்டிச் சோதனையே வேண்டாம் என்கிறார்கள். ஆபத்து உண்மை என்பதால் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும் என்பதே அதிலிருந்து பெறத்தக்க முடிவு. தரவு ஏதும் இல்லாத வட்டு ஒன்றை முதலில் செருகி டிரைவைச் சோதிக்க வேண்டும். கிளிக் கேட்டால் அந்த டிரைவ் விலக்கப்பட வேண்டும், அதில் நுழைந்த வட்டும் வேறு டிரைவுக்குள் போகக்கூடாது. மதிப்புள்ள வட்டைச் செருகுமுன் அதன் உலோகத் தடுப்பை விலக்கி விளிம்பையும் பரப்பையும் கண்ணால் பார்க்க வேண்டும். இந்நாட்டின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஃப்ளாப்பிகளில் பூஞ்சை படிந்திருப்பது அரிதன்று. பூஞ்சையோடு சுழலவிட்டால் முனை பரப்பையே சுரண்டும். அப்படிப்பட்ட வட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் கிடைக்கும்வரை தொடாமல் வைப்பதே நல்ல சோதகரின் முடிவு. ‘இப்போது சோதிக்கக்கூடாது’ என்பதும் ஒரு முடிவுதான். அதைக் ‘கெட்டுவிட்டது’ என்று எழுதக்கூடாது.

இரண்டாவது வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. பழம்பொருள் ஆர்வலர்கள் சொல்வது: புதிய இயங்குதளத்தில் சோதிப்பதே வீண், விண்டோஸ் 98 ஓடும் பழைய கணினியைப் பாதுகாத்து அதில் பார்க்க வேண்டும். இதில் ஓர் அழகு இருக்கிறது, ஆனால் நிறுவனம் ஒன்று நம்பக்கூடிய வழி இது அல்ல. அந்தப் பழைய கணினியும் முதுமையடைகிறது. அதன் மின்வழங்கி, வன்தட்டு, மதர்போர்டின் மின்தேக்கிகள் எல்லாம் வட்டின் வயதை ஒத்தவை. அதில் படித்த கோப்பை வெளியே எடுக்க இன்னொரு வழியும் தேட வேண்டியிருக்கும். மேலும் கோப்புகளை ஒன்றொன்றாக நகலெடுப்பது மீட்பு ஆகாது. மேக்கின்டோஷ் கோப்புகள் இரண்டு கிளைகள் கொண்டவை. தரவு ஒரு கிளையிலும், ரிசோர்ஸ் ஃபோர்க் எனப்படும் துணைத்தகவல் மற்றொரு கிளையிலும் இருக்கும். சாதாரண முறையில் பென்டிரைவுக்கு நகலெடுத்தால் இரண்டாம் கிளை உதிர்ந்துபோகும். இன்றைய லினக்ஸில் டிடி ரெஸ்க்யூ போன்ற கருவியால் வட்டு முழுவதையும் செக்டர் செக்டராகப் படிமம் எடுக்கலாம். படிக்க இயலாத செக்டர்களை அது குறித்துவைத்துக்கொண்டு பிறகு மீண்டும் முயலும். எத்தனை பைட் கிடைத்தது, எத்தனை கிடைக்கவில்லை என்பது எண்ணாக எழுத்தில் வரும். ஆய்வுக்குத் தேவை அந்த எண். பழைய கணினிகள் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். சோதனை இன்றைய கணினியில், இன்றைய இயக்கியோடு நடக்க வேண்டும். மறுமுறை இன்னொருவர் அதே சோதனையைச் செய்து பார்க்க அப்போதுதான் முடியும்.

மூன்றாவது வாதம் மிகவும் மரியாதையான உடையில் வருகிறது: ‘ஆய்வேடு அச்சில் இருக்கிறது, மூலத் தரவு இனி எதற்கு?’ இதை ஒரு மொழியியல் துறையில் கேட்க நேர்வது வெட்கக்கேடு. அச்சில் இருப்பவை ஆய்வாளர் தம் வாதத்துக்காகத் தெரிவுசெய்த எடுத்துக்காட்டுகள். தெரிவு செய்யப்படாதவை வட்டில் இருக்கின்றன. உயிரொலியின் நீட்சியைப் பற்றி 1996இல் ஒருவர் எழுதியதை இன்று மறுக்கவோ உறுதிப்படுத்தவோ விரும்பும் மாணவருக்கு அச்சிட்ட அட்டவணை போதாது. பிராட் மென்பொருளில் திறந்து அளக்க ஒலி வேண்டும். இயற்பியல் துறையில் அளவீட்டுக் குறிப்பேட்டை எரித்துவிட்டுக் கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டால் அதை அறிவியல் என்று யாரும் அழைக்கமாட்டார்கள். மொழியியல் தன்னை அறிவியல் என்று அழைத்துக்கொள்ளும் உரிமைக்கும் அதே விலைதான்.

நான்காவது, உலகமே கைவிட்டதை நீங்கள் ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்ற ஏளனம். ஜப்பான் அரசு 2024இல் ஃப்ளாப்பியை ஒழித்துவிட்டது என்பது இவர்களின் விருப்பமான மேற்கோள். ஜப்பான் ஒழித்தவை, அரசுக்குச் சமர்ப்பிப்பவற்றை ஃப்ளாப்பி முதலிய ஊடகங்களில் தர வேண்டும் என்றிருந்த விதிகள். அவை ஆயிரத்துக்கு மேற்பட்டவை. ஏற்கெனவே ஃப்ளாப்பியில் இருப்பதைப் படிக்காமல் குப்பையில் போடு என்று எந்த விதியும் சொல்லவில்லை. அமெரிக்க விமானப்படை தன் அணு ஆயுதக் கட்டளை அமைப்பில் எட்டு அங்குல ஃப்ளாப்பிகளை 2019 வரை பயன்படுத்தியது. மாற்றுச் சேமிப்பகம் தயாரான பிறகே அவற்றுக்கு விடைகொடுத்தது. தொழில்நுட்பத்தை விட்டு வெளியேறுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் உள்ளிருப்பதை வெளியே எடுப்பது, பிறகு கதவைச் சாத்துவது. துறைகளில் கதவுதான் முதலில் சாத்தப்படுகிறது.

ஆண்டி வார்ஹால் 1985இல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் அவருடைய அருங்காட்சியகத்தின் ஃப்ளாப்பிகளில் கிடந்தன. கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர் முயன்று அவற்றை மீட்டார்கள், 2014இல் உலகம் பார்த்தது. கோப்பு வடிவமே அறியப்படாததாக இருந்தும் அதைப் பகுப்பாய்ந்து திறந்தார்கள். இதில் செயற்கரிய மாயம் எதுவும் இல்லை. ஃப்ளாப்பியின் உறையில் எழுதியிருந்த பெயர் பெரியது என்பதால் ‘கெட்டுவிட்டது’ என்று சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை, அவ்வளவுதான். துறை அலமாரியில் கிடக்கும் வட்டின் உறையில் ஒரு கிராமத்தின் பெயரும் ஒரு தேதியும் மட்டும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே காந்தப் பரப்பில் வேறுபாடு இல்லை. வேறுபாடு சோதிக்கத் தகுந்தவர் யார் என்ற மதிப்பீட்டில் இருக்கிறது. இந்தத் துறைகள் தம் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் கற்பிப்பது, மொழிகளுக்கிடையே உயர்வு தாழ்வு இல்லை என்பதை. அலமாரியைக் காலிசெய்யும் நாளில் அந்தப் பாடம் எங்கே போகிறது?

2010 சனவரியில் அந்தமானில் போவா சீனியர் என்னும் மூதாட்டி மறைந்தார். போ மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மனிதர் அவர். இத்தகைய மறைவுக்குப் பின் ஒரு மொழிக்கு எஞ்சுவது பதிவு மட்டுமே. கேட்டு எழுத விட்டுப்போன ஒரு சொல்லை மீண்டும் கேட்க ஆளில்லை. மொழி முழுவதும் மறையாத இடங்களிலும் இதுவே நிலை. முப்பதாண்டுக்கு முன் எழுபது வயதில் பாடியவர் இன்று இல்லை. அவர் பாடிய வழக்கு அவருடைய பேரப்பிள்ளைகளிடம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பேசியவருக்கு ஆய்வாளர் அன்று கொடுத்த வாக்கு ஒன்று உண்டு, எழுத்தில் இல்லாவிட்டாலும்: ‘இதைப் பத்திரமாக வைத்திருப்போம்.’ அந்த வாக்கின் சாட்சிதான் வட்டு.

வட்டைப் படிப்பதும் அதை ஊரறிய வெளியிடுவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிலர் ஒப்புதல் இல்லாத பதிவுகள் வெளிவந்துவிடும் என்று அஞ்சி மீட்பையே தடுக்கிறார்கள். அச்சத்தின் காரணம் நல்லது, முடிவு தவறு. பேசியவரின் குடும்பத்தையும் சமூகத்தையும் கேட்டு முடிவெடுக்க வேண்டுமானால், முதலில் அந்த வட்டில் யார் என்ன பேசியிருக்கிறார் என்பது தெரிய வேண்டும். படிமம் எடுத்துப் பூட்டிவைக்கலாம், உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கலாம், அவர்கள் வேண்டாம் என்றால் அழிக்கவும் செய்யலாம். அறியாமல் குப்பைக்கு அனுப்பினால் இந்த மூன்று உரிமைகளும் அவர்களிடமிருந்து பறிபோகின்றன.

ஏன் இவ்வளவு அவசரம்? காந்தப் பரப்பின் முதுமை ஒரு காரணம். அதைவிடக் குறைவாகப் பேசப்படும் காரணம், படிக்கும் திறனை இயங்குதளங்கள் ஒவ்வொன்றாக உதிர்த்துவருவது. 2015இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோதே, யூ.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் வைத்திருப்போர் புதிய இயக்கியைத் தேடி நிறுவிக்கொள்ள வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2019 லினக்ஸுக்கும் ஒரு எச்சரிக்கை ஆண்டு. கெர்னலின் ஃப்ளாப்பி இயக்கியைப் பராமரித்தவரிடம் வேலை செய்யும் ஃப்ளாப்பி டிரைவே இல்லாமல் போனதால் அந்த இயக்கி ‘அனாதை’ என்று குறிக்கப்பட்டது. அதே ஆண்டில் இன்னொருவர் முன்வந்து ஏற்றுக்கொண்டதால் அது பிழைத்தது. பேரலல் போர்ட்டும் ஃப்ளாப்பிக் கட்டுப்படுத்தியும் இன்றைய மதர்போர்டுகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டன. ஒரு தன்னார்வலர் களைத்துப்போனாலோ, ஒரு நிறுவனம் சில வரிகளை நீக்கினாலோ, நேற்றுவரை படித்த வட்டு இன்று ‘கெட்டுவிடும்’. வட்டின் ஓர் அணுவும் மாறியிராது. இந்த இயக்கிகள் இருக்கும்போதே சோதிப்பது ஒரு கடமை. இன்னும் பயன்படுகின்றன என்று சோதனை முடிவுகளை எழுதி அவற்றைப் பராமரிப்போருக்குத் தெரிவிப்பது மற்றொரு கடமை. பயன்படுத்துவோர் யாரும் இல்லை என்ற எண்ணத்தில்தான் பழைய இயக்கிகள் நீக்கப்படுகின்றன. பேசுவோர் குரல் எழுப்பாத மொழியைக் கணக்கெடுப்பில் விட்டுவிடுவதைப் போல.

கோப்பு திறந்த பிறகும் வேலை மிச்சம் இருக்கும். ஷூபாக்ஸ் மென்பொருளில் தொகுத்த அகராதி எளிய உரைக்கோப்பாகவே இருக்கும், ஆனால் ஒலியன் குறியீடுகள் அக்காலத்து எஸ்.ஐ.எல். எழுத்துருவின் தனிக்குறியாக்கத்தில் இருந்தால் திரையில் பொருளற்ற எழுத்துகள் தோன்றும். இந்தியமொழிப் பகுதிகள் 1991ஆம் ஆண்டின் இஸ்கி தரத்திலோ, ஏதோ ஓர் அச்சக எழுத்துருவின் குறியாக்கத்திலோ இருக்கலாம். அந்தக் குழப்பத்தைக் கண்டு ‘தரவு சிதைந்துவிட்டது’ என்று இரண்டாம் முறையும் பொய்த்தீர்ப்பு எழுதுவோர் உண்டு. சிதைவுக்கு ஒழுங்கு இருக்காது. குறியாக்க மாற்றத்துக்கு ஒழுங்கு உண்டு. ஒரே எழுத்து ஒரே பொருளற்ற குறியாக ஒவ்வொரு முறையும் வருகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஒலியன் பரவலை ஆராயப் பயிற்சி பெற்ற எந்த முதுகலை மாணவரும் ஒரு மாலையில் செய்யக்கூடியது இது.

எனவே துறைகளிடம் கேட்க வேண்டியவை மிகச் சில. சோதனை அறிக்கை இல்லாமல் எந்த வட்டும் கழிவுப் பட்டியலில் ஏறக்கூடாது. அந்த அறிக்கையில் டிரைவின் மாதிரி, இணைப்பு வகை, இயங்குதளமும் அதன் பதிப்பும், கண்டறிந்த கோப்பு முறைமை, படிமம் எடுக்கப்பட்டதா, எத்தனை செக்டர்கள் தோற்றன என்பவை இருக்க வேண்டும். ஃபார்மட் கேள்விக்கு எந்நிலையிலும் விடை ‘வேண்டாம்’ என்பதே. ஃப்ளாப்பியின் எழுதுதடைத் துளை திறந்திருக்க வேண்டும். ஜிப் வட்டில் அப்படியொரு துளை இல்லை. செருகிய வட்டில் கேட்காமலே தன் கோப்புறையை எழுதிவைக்கும் பழக்கம் விண்டோஸுக்கு உண்டு என்பதால், முதல் சோதனை தானாக இணைக்காதபடி அமைத்த லினக்ஸ் கணினியில் நடக்க வேண்டும். படிமத்தின் இரண்டு நகல்கள் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் மாணவருக்கு அது ஆய்வுப் பணியாகவே கணக்கில் கொள்ளப்பட வேண்டும், ‘ஆய்வகத்தில் கொஞ்சம் உதவி’ என்று அல்ல. ஒவ்வொரு துறையும் தனித்தனியாக டிரைவ் வாங்கத் தேவையில்லை. ஒரு நகரத்தின் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு மேசையையும் ஒரு பழைய டிரைவ் தொகுப்பையும் வைத்திருந்தால் போதும். ஒரு கருத்தரங்கின் மலர்க்கொத்துச் செலவுக்கு மேல் இதற்கு ஆகாது.

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன, அவற்றின்படி அகற்றியாக வேண்டும் என்று நிர்வாகம் சொல்லும். அகற்றட்டும். கழிவை எப்படி அகற்றுவது என்பதை விதி சொல்கிறது. எது கழிவு என்பதைத் துறைதான் சொல்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சோதனை இருக்க வேண்டும்.

சோதித்த பிறகும் சில வட்டுகள் திறக்காது. பரப்பு உரிந்தவை, முனை கிழித்தவை, பூஞ்சை தின்றவை இருக்கும். அவற்றைக் ‘கெட்டுவிட்டன’ என்று எழுதலாம், அப்போது அந்தத் துணைவினைக்குப் பொருள் இருக்கும். மற்றவற்றுக்கு எழுத வேண்டிய வாக்கியம் வேறு: ‘இன்ன நாளில், இன்ன டிரைவில், இன்ன இயங்குதளத்தில், இன்னார் சோதித்தார். படிக்க இயலவில்லை.’ சற்று நீளமான வாக்கியம்தான். ஆனால் அதில் எழுவாய் இருக்கிறது, பொறுப்பேற்கும் ஒரு பெயர் இருக்கிறது, அடுத்தவர் மீண்டும் முயல்வதற்கு இடமும் இருக்கிறது.